ஏலத்தில் எடுத்தவர் பணம் அனுப்பவில்லையா? விற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இணைய ஏலத்தில் விற்பவர்களுக்கு வரும் தலைவலிகளில் ரொம்பப் பழையது இது. ஏலம் நல்லபடியாக முடிந்துவிடும், விலையும் ஏறியிருக்கும், பணம் மட்டும் வராது. விற்பவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் கீழே இருக்கிறது. விதிகள் தளத்துக்குத் தளம் மாறும். பலருக்கும் பழக்கமான தளம் என்பதால் பெரும்பாலும் ஈபேயை வைத்தே சொல்கிறேன். நீங்கள் விற்கும் தளத்தின் விதியை ஒருமுறை படித்துவிட்டு அதற்கேற்ப நாள்கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏலம் முடிந்து ஒரு நாள் ஆகிவிட்டது, இன்னும் பணம் வரவில்லை. ஆள் கம்பி நீட்டிவிட்டாரா?

ஒரு நாளில் அப்படி முடிவுகட்டாதீர்கள். ஏலம் முடியும் நொடியில் ஜெயித்தவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் அப்படி இருப்பதில்லை. ஈபேயில் ஒருவர் தன்னால் கொடுக்க முடிந்த உச்ச விலையை முன்கூட்டியே போட்டுவிட்டுப் போய்விடலாம். வேறு யாராவது கேட்கக் கேட்க, அந்த உச்சத்தைத் தாண்டாமல் தளமே அவர் சார்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கேட்கும். ஐந்தாறு நாளைக்கு முன்பு போட்ட விலை அவர் தூங்கும்போது ஜெயித்திருக்கலாம். வெளிநாட்டுக்காரர் என்றால் உங்களுக்குப் பகல், அவருக்கு நடுராத்திரி. ஒரு நாள் என்பது தாமதமே இல்லை.

அப்படியென்றால் உண்மையிலேயே தாமதிப்பவர்கள் ஏன் தாமதிக்கிறார்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் என்ன எழுதுவது, எவ்வளவு பொறுப்பது என்று தீர்மானிக்க முடியும்.

முதல் வகை, பணம் கட்ட முயன்று முடியாமல் நிற்பவர்கள். கார்டை வங்கி மறுத்திருக்கும், வெளிநாட்டுப் பரிவர்த்தனை அடைபட்டிருக்கும், கணக்கில் பழைய முகவரி இருக்கும். வெட்கப்பட்டோ, எப்படிச் சொல்வது என்று தெரியாமலோ வாயைத் திறக்க மாட்டார்கள். நீங்களாக ஒரு வார்த்தை கேட்டால் உடனே கொட்டிவிடுவார்கள்.

இரண்டாவது வகை, உங்கள் பதிலுக்காகவே காத்திருப்பவர்கள். விற்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அனுப்பும் செலவு எவ்வளவு என்று நீங்கள் தெளிவாகப் போடவில்லை, அல்லது அவர் உங்களிடம் இரண்டு பொருள் எடுத்திருக்கிறார், ஒரே பார்சலாக அனுப்பினால் செலவு குறையுமா என்று பார்க்கிறார். நீங்கள் மொத்தக் கணக்கை அனுப்புவீர்கள் என்று அவர் இருக்க, அவர் பணம் போடுவார் என்று நீங்கள் இருக்க, நாள் போய்க்கொண்டே இருக்கும்.

மூன்றாவது வகை, வாங்கிய கையோடு மனசு மாறியவர்கள். ஏலத்தின் இயல்பே இதற்கு ஒரு காரணம். பத்துப் பேர் ஒரு பொருளை மதிப்பிடும்போது, ஜெயிப்பவர் பெரும்பாலும் அதை எல்லோரையும்விட அதிகமாக மதிப்பிட்டவர்தான். ஜெயித்த மறுநிமிடமே ‘ஜாஸ்தி கொடுத்துவிட்டோமோ’ என்ற எண்ணம் வரும். எண்ணெய் வயல் குத்தகை ஏலங்களைப் பற்றி எழுதிய மூன்று பொறியாளர்கள் 1971இலேயே இதை விளக்கியிருக்கிறார்கள். பொருளியலில் ‘வென்றவரின் சாபம்’ என்று இதற்குப் பெயர். எண்ணெய் நிறுவனங்களுக்கே வருகிற வருத்தம் பழைய கேமரா வாங்குபவருக்கு வராதா?

நான்காவது, ஒரே மாதிரிப் பொருளுக்கு நாலைந்து ஏலங்களில் ஒரே நேரத்தில் விலை கேட்டுவிட்டு, மலிவாகக் கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுபவர்கள். இவர்களிடம் பொறுமை காட்டிப் பயனில்லை. கடைசியாக, விளையாட்டுக்குக் கேட்பவர்களும் வேண்டுமென்றே கெடுக்க வருபவர்களும். எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் நமக்கு ஆத்திரம் வரும்போது எல்லோரும் இந்த ரகமாகவே தெரிவார்கள்.

எத்தனை நாள் பொறுக்கலாம்?

ஈபேயில் வாங்கியவருக்கு 4 முழு நாள்கள் அவகாசம். அதற்கும் பணம் வரவில்லை என்றால் ஐந்தாம் நாளிலிருந்து ‘பணம் கட்டவில்லை’ என்று சொல்லி ஆர்டரை நீங்கள் ரத்து செய்யலாம். விற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் அதைச் செய்துவிட வேண்டும். இத்தனை நாளாகியும் பணம் வராவிட்டால் தானாகவே ரத்தாகட்டும் என்று அமைப்புகளில் முன்கூட்டியே வைத்துவிடவும் வழி உண்டு. மாதத்துக்கு நிறையப் பொருள் விற்பவர்களுக்கு இது ரொம்ப வசதி, யாருக்குப் பொறுப்பது யாருக்குப் பொறுக்காமல் விடுவது என்று ஒவ்வொரு முறையும் மண்டையைக் குடைய வேண்டாம்.

பொருள் விலை உயர்ந்தது என்றால் தானியங்கி ரத்தைப் போடாதீர்கள். அங்கே ஒரு நாள் கூடுதலாகப் பொறுத்தால் நல்ல விலை கைநழுவாமல் இருக்கும்.

முதல் நினைவூட்டலை எப்போது, எப்படி எழுதுவது?

இரண்டாம் நாள் முடிவில். சுருக்கமாக, குற்றம்சாட்டாமல், அவர் பதில் சொல்ல வசதியாக ஒரு கேள்வியோடு. இப்படி:

‘வணக்கம். ஏலத்தில் இந்தப் பொருளை எடுத்ததற்கு நன்றி. அனுப்பும் செலவோடு மொத்தத் தொகை ஆர்டர் பக்கத்தில் இருக்கிறது. பணம் கட்டுவதில் ஏதாவது சிக்கல் இருக்கிறதா? வேறு பொருளோடு சேர்த்து அனுப்ப வேண்டுமென்றால் சொல்லுங்கள், புதிய கணக்கு அனுப்புகிறேன். பணம் வந்த அடுத்த வேலை நாளே பார்சல் கிளம்பிவிடும்.’

இதில் முக்கியமான வரி அந்தக் கேள்விதான். முதல் இரண்டு வகை ஆட்களும் அதைப் பிடித்துக்கொண்டு பதில் எழுதிவிடுவார்கள். ‘உடனடியாகப் பணம் செலுத்தத் தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று நோட்டீஸ் பாஷையில் எழுதினால், கட்ட நினைத்தவர்கூட முறுக்கிக்கொள்வார். அப்புறம் ஒன்று: இந்த மெசேஜைத் தளத்துக்குள்ளேயே அனுப்புங்கள். நாளைக்குத் தகராறு வந்தால் தளம் பார்ப்பது அங்கே உள்ள எழுத்தைத்தான். வாட்ஸ்அப்பில் பேசியது கணக்கில் வராது.

அதற்கும் பதில் இல்லை. இன்னும் எத்தனை முறை எழுதுவது?

இன்னும் ஒரே ஒரு முறை, நான்காம் நாள். ‘நாளைக்குள் பணம் வராவிட்டால் ஆர்டரை ரத்து செய்து பொருளை மறுபடி ஏலத்துக்கு விட வேண்டியிருக்கும். இன்னும் வேண்டும் என்றால் தயவுசெய்து சொல்லுங்கள்’ என்று மட்டும். கெடு எந்த நாள் என்று தேதியோடு போடுங்கள். ‘சீக்கிரம்’, ‘விரைவில்’ எல்லாம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அர்த்தம்.

இதற்குப் பிறகு எழுதாதீர்கள். தினம் ஒரு மெசேஜ் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் பணம் வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. மாறாக, தொந்தரவு கொடுக்கிறார் என்று வாங்கியவரே புகார் போட இடம் கிடைத்துவிடும்.

‘சம்பளம் வந்ததும் தருகிறேன்’ என்கிறார். அவகாசம் கொடுக்கலாமா?

தேதி சொன்னால் கொடுக்கலாம். ‘வருகிற வெள்ளிக்கிழமை’ என்பவருக்கு ஒரு மரியாதை உண்டு. ‘கொஞ்ச நாளில்’ என்பவருக்கு அது கிடையாது. எந்தத் தேதியானாலும் ரத்து செய்ய உங்களுக்கு இருக்கும் காலவரம்புக்குள் அது வருகிறதா என்று பாருங்கள். ஈபேயில் 30 நாள் தாண்டிவிட்டால் விற்பனைக்காகத் தளம் பிடித்த கமிஷனைத் திரும்பப் பெறுவதே சிக்கலாகிவிடும். இதைத் தெரிந்துகொண்டே நாளைக் கடத்துபவர்களும் இருக்கிறார்கள்.

நான் வைத்திருக்கும் வழக்கம்: ஒருமுறை அவகாசம், இரண்டாவது முறை கிடையாது. முதல் வாக்கைக் காப்பாற்றாதவர் இரண்டாவதைக் காப்பாற்றியது அபூர்வம். அவர் வீட்டுக் கஷ்டம் உண்மையாகவே இருக்கலாம். அப்போதும் ரத்து செய்வதுதான் அவருக்கும் நல்லது. கையில் பணம் இல்லாதவரைக் கடன்காரராக்கி வைப்பதில் யாருக்கு லாபம்?

ரத்து செய்யும்போது காரணம் கேட்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

நடந்தது எதுவோ அதை. பணம் வராததால் ரத்து என்றால் ‘வாங்கியவர் பணம் கட்டவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரக்கப்பட்டோ அவசரத்திலோ ‘பொருள் கைவசம் இல்லை’ என்று போட்டுவிட்டால் ஈபே அதை விற்பவரின் குறையாகக் கணக்கில் வைக்கும். அவர் கட்டாததற்கு உங்கள் கணக்கில் கரும்புள்ளி. ‘வாங்கியவர் ரத்து செய்யச் சொன்னார்’ என்பதை அவர் உண்மையிலேயே கேட்டிருந்தால் மட்டும் போடுங்கள். அதில் உங்களுக்கும் பாதிப்பில்லை, அவர் கணக்கிலும் எதுவும் பதியாது.

சரியான காரணத்தைப் போட்டால் இரண்டு நடக்கும். விற்பனைக்காகப் பிடித்த கமிஷன் உங்களுக்குத் திரும்பி வரும், பணம் கட்டாதவர் என்ற பதிவு வாங்கியவர் கணக்கில் ஏறும். இந்தப் பதிவு பழிவாங்கல் இல்லை. அடுத்த விற்பவர் ‘இப்படிப்பட்டவர்கள் என் ஏலத்தில் கேட்க முடியாது’ என்று வடிகட்டி வைத்திருந்தால், அந்த வடிகட்டி வேலை செய்வது இப்பதிவை வைத்துத்தான். ‘பாவம், போகட்டும்’ என்று நாம் விடுவது, முகம் தெரியாத இன்னொரு விற்பவர் தலையில் விடிகிறது.

ஜப்பானின் யாஹூ ஏலத் தளத்தில் இது இன்னும் கறாராக இருக்கும். ஏலத்தில் எடுத்தவரின் காரணத்தால் என்று விற்பவர் அவரை நீக்கினால், மிக மோசம் என்ற மதிப்பீடு அவருக்குத் தானாகவே போய்ச் சேரும்.

ரத்து செய்வதற்குச் சற்று முன்பு பணம் வந்துவிட்டது. ரொம்பப் படுத்திவிட்டார். அனுப்ப வேண்டுமா?

அனுப்புங்கள். அன்றைக்கே. தாமதமாகக் கட்டியவர் பணம் கட்டியவர்தான். பார்சலுக்குள் குத்தலாகச் சீட்டு வைப்பது, வேண்டுமென்றே நாலு நாள் கழித்து அனுப்புவது எல்லாம் வேண்டாம். பணம் வந்த நொடியிலிருந்து ஓடுவது உங்கள் கெடு.

பணம் அனுப்பிவிட்டதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது, கணக்கில் காணோம். பார்சலை அனுப்பலாமா?

கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விதிவிலக்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய மோசடி இது. பேபாலிலிருந்தோ வங்கியிலிருந்தோ வந்தது போலவே ஒரு மின்னஞ்சல் வரும். சின்னம், நிறம், ஆர்டர் விவரம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். ‘உங்கள் பணம் எங்களிடம் தயாராக இருக்கிறது, பார்சலின் டிராக்கிங் எண்ணை அனுப்பியதும் கணக்கில் விடுவிக்கப்படும்’ என்று எழுதியிருக்கும். டிராக்கிங் எண்ணை அனுப்புவதற்குள் பொருள் கிளம்பிப் போயிருக்கும், பணம் வராது. மின்னஞ்சலில் உள்ள சுட்டியை அழுத்தாதீர்கள். நீங்களாகத் தளத்தைத் திறந்து, உள்ளே போய், ஆர்டர் பக்கத்தில் ‘பணம் செலுத்தப்பட்டது’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லாத பணம் எங்கேயும் இல்லை. வாங்கியவர் அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட்டும் அப்படித்தான், அது ஒரு படம், அவ்வளவே.

உண்மையான தாமதங்களும் உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக எடுக்கப்படும் மின்காசோலை ஒப்புதலாகச் சில வேலை நாள்கள் பிடிக்கும். அதுவரை ‘நிலுவை’ என்றே காட்டும். அது வாங்கியவர் தப்பில்லை, திட்டாதீர்கள். ஆனாலும் நிலுவை நீங்கும் வரை பார்சல் உங்கள் வீட்டில்தான்.

தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, விலையைவிட அதிகமாகவே காசோலை அனுப்புகிறேன் என்கிறார். நல்லவராகத் தெரிகிறாரே?

ரொம்ப நல்லவர்தான், அதுதான் சந்தேகம். ‘தெரியாமல் அதிகமாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைக் கூரியர்காரருக்கு அனுப்பிவிடுங்கள்’ என்று அடுத்த மெசேஜ் வரும். காசோலைத் தொகை உங்கள் கணக்கில் ஏறியது போலக் காட்டும். நீங்கள் மிச்சத்தை அனுப்பிய பிறகு, காசோலை போலி என்று வங்கி தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பொருளும் போய், நீங்கள் அனுப்பிய ‘மிச்ச’மும் போகும். கேட்ட தொகைக்கு மேல் ஒரு பைசா வந்தாலும் ஏற்காதீர்கள். முழுவதையும் திருப்பிவிட்டு, தளத்தின் வழியே சரியான தொகையைக் கட்டச் சொல்லுங்கள். உண்மையான ஆள் என்றால் கட்டிவிடுவார்.

‘ஆர்டரில் உள்ள முகவரிக்கு வேண்டாம், இந்த இன்னொரு முகவரிக்கு அனுப்புங்கள்’ என்பதும் அதே குடும்பம். ஆர்டரில் இருக்கும் முகவரிக்கு அனுப்பினால்தான் விற்பவருக்கான பாதுகாப்பு கிடைக்கும். முகவரி மாற வேண்டுமென்றால் ஆர்டரை ரத்து செய்து, சரியான முகவரியோடு அவரே மறுபடி வாங்கட்டும்.

இரண்டாவதாக நின்றவருக்கு விற்றுவிடலாமா?

விற்கலாம், பல தளங்களில் அதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது. ஈபேயில் ‘செகண்ட் சான்ஸ் ஆஃபர்’ என்பார்கள். ஏலம் முடிந்து 60 நாள் வரை, ஜெயிக்காதவர்களில் ஒருவருக்கு, அவர் கடைசியாகக் கேட்ட விலையில் கொடுக்க முன்வரலாம். யாஹூ ஜப்பானிலும் அடுத்த இடத்தில் இருப்பவரை மேலே ஏற்ற முடியும்.

ஆனால் பெரும்பாலோர் இதை மறுத்துவிடுவார்கள். ‘இந்த விலைக்குக் கேட்டவர்தானே, இப்போது மட்டும் ஏன் வேண்டாமாம்?’ என்று விற்பவருக்குக் கோபம் வரும். ஆனால் மறுப்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று பேர் போட்டி. மூன்றாமவர் 60 வரை போகத் தயார், இரண்டாமவர் 100 வரை, முதலாமவர் 120 வரை. ஏலம் 100ஐச் சற்றுத் தாண்டி முதலாமவரிடம் முடிந்தது. அவர் பணம் கட்டவில்லை. அந்த முதலாமவர் ஏலத்துக்கே வராமல் இருந்திருந்தால் இரண்டாமவர் எவ்வளவுக்கு எடுத்திருப்பார்? 60க்குக் கொஞ்சம் மேலே. பணம் கட்டாத ஒரு ஆள் ஏற்றிவிட்ட விலையான 100ஐ இப்போது அவரிடம் கேட்கிறீர்கள். அந்த முதலாமவர் உங்கள் ஆளாக இருக்குமோ, விலையை ஏற்றுவதற்காகவே வந்தவரோ என்று கூட அவர் நினைப்பார். விற்பவர் தன் ஆளை வைத்து விலை ஏற்றுவது பெரும்பாலான தளங்களில் தடைசெய்யப்பட்டது. அப்படிச் செய்பவர்கள் இருப்பதால்தான் அவருக்கு அந்தச் சந்தேகமே வருகிறது.

அதனால் என் யோசனை: ஒருமுறை கேளுங்கள், குறுகிய அவகாசம் கொடுங்கள், மறுத்தால் மனத்தாங்கல் இல்லாமல் விட்டுவிடுங்கள். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே பலமுறை மாறி மாறிப் போட்டி நடந்திருந்தால் மறுப்பு வர வாய்ப்பு அதிகம். மூன்று நாலு பேர் நெருக்கமான விலையில் நின்றிருந்தால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

ஒரு எச்சரிக்கை. முதல் விற்பனையை ரத்து செய்யாமல் இரண்டாமவருக்கு அனுப்பாதீர்கள். இருவரும் ஒரே இரவில் பணம் கட்டி, கையில் ஒரே பொருளோடு நிற்பதைவிடச் சங்கடம் வேறில்லை.

மறுபடி ஏலத்துக்கு விட்டால் விலை குறையுமா?

குறையலாம், கூடவும் செய்யலாம். அதே படம், அதே தலைப்போடு மறுநாளே போட்டால் ‘இது போன வாரம் விற்றுப்போனதாயிற்றே, பொருளில் ஏதோ கோளாறு’ என்று நினைப்பார்கள். விவரத்தில் ஒரு வரி சேருங்கள்: ‘முந்தைய ஏலத்தில் எடுத்தவர் பணம் கட்டாததால் மீண்டும் ஏலத்துக்கு வருகிறது.’ அதற்கு மேல் புலம்ப வேண்டாம். ‘பணம் கட்ட முடியாதவர்கள் தயவுசெய்து என் ஏலத்துக்கு வராதீர்கள்!!!’ என்று தடித்த எழுத்தில் பொருளின் விவரப் பட்டியல் முழுக்க எழுதி வைத்திருப்பவர்கள் உண்டு. அதைப் படித்துவிட்டுப் பின்வாங்குவது பணம் ஒழுங்காகக் கட்டுகிற ஆட்கள்தான். மற்றவர் அதைப் படிப்பதே இல்லை.

பணம் கட்டாதவருக்கு மோசமான பின்னூட்டம் (ஃபீட்பேக்) போடலாமா?

ஈபேயில் முடியாது. 2008இலிருந்து விற்பவர்கள் வாங்குபவர்களுக்கு நல்ல பின்னூட்டம் மட்டுமே தர முடியும். அதற்கு முன்பு இரு பக்கமும் ஒருவரையொருவர் மிரட்டும் ஆயுதமாக அது மாறியிருந்தது. ‘நீ எனக்கு மோசமாகப் போட்டால் நானும் போடுவேன்’ என்ற பயத்தில் வாங்கியவர்கள் உண்மையைச் சொல்லாமல் இருந்தார்கள். அப்போது விற்பவர்கள் கொதித்தார்கள், இன்றும் பலருக்கு அந்த ஆற்றாமை இருக்கிறது. நல்ல பின்னூட்டம் என்று குறித்துவிட்டு வாசகத்தில் திட்டி எழுதும் தந்திரத்துக்கும் அங்கே தடை உண்டு. பதிவு வேண்டுமென்றால் முன்பு சொன்ன ரத்துக் காரணம்தான் வழி.

வேண்டுமென்றே கெடுப்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

ஒரு பழைய உத்தி: கூட்டாளிகள் இருவர். ஒருவர் குறைந்த விலையில் கேட்டு வைப்பார். மற்றவர் மிக உயர்ந்த விலை கேட்டு எல்லோரையும் விரட்டிவிடுவார். முடிவதற்குச் சற்று முன்பு, உயர்ந்த விலை கேட்டவர் தன் கேட்பை வாபஸ் வாங்குவார். இடையில் யாரும் வராததால் குறைந்த விலைக்காரர் அடித்துக்கொண்டு போவார். தளங்கள் வாபஸுக்கு விதி இறுக்கி வைத்திருப்பது இதனால்தான். இதன் இன்னொரு வடிவம், உயர்ந்த விலையில் ஜெயித்துவிட்டுப் பணம் கட்டாமல் இருப்பது. ‘எனக்குக் குறைந்த விலைக்குத் தருகிறீர்களா’ என்று இரண்டாமவரிடமிருந்து ஏலம் முடிந்த கொஞ்ச நேரத்திலேயே, நீங்கள் எதுவும் சொல்லாமலேயே மெசேஜ் வந்தால் உஷாராகுங்கள். முதலாமவர் கட்டவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது?

வழக்குப் போடலாமா? ஏலத்தில் எடுத்தால் ஒப்பந்தம்தானே?

ஒப்பந்தம்தான். இணைய ஏலம் வெறும் விளையாட்டில்லை என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ரிகார்டோ என்ற ஏலத் தளத்தில் குறைந்த விலைக்குப் போன ஒரு காரைப் பற்றி, ஒப்பந்தம் செல்லும் என்று ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவில் ஈபேயில் விற்ற பழைய விர்ராவே விமானத்தைத் தர மறுத்தவருக்கு எதிராக 2007இல் தீர்ப்பு வந்தது. இந்த இரண்டிலுமே பின்வாங்கியவர் விற்றவர். ஒப்பந்தம் என்றால் இரு தரப்பையும்தான் கட்டும்.

சட்டம் இருக்கிறது என்பதற்காக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்றில்லை. வேறு நாட்டு ஆளைப் பிடிப்பது எப்படி, வக்கீல் செலவு யார் தருவது, அதுவரை பொருளை விற்காமல் வைத்திருக்க முடியுமா? கார், விமானம் மாதிரிப் பெரிய தொகை என்றால் வக்கீலிடம் பேசுங்கள். மற்றதற்கெல்லாம் ரத்து, மறு ஏலம்.

இதெல்லாம் வராமலே இருக்க என்ன செய்வது?

பாதித் தொல்லை ஏலம் தொடங்குவதற்கு முன்பே தீர்ந்துவிடும். கேட்பவர் பணம் கட்டும்போது தயங்குவதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். அனுப்பும் செலவைப் பட்டியலிலேயே போடுங்கள், ‘கேட்டால் சொல்கிறேன்’ என்று விடாதீர்கள். இரண்டு பொருள் எடுத்தால் செலவு எவ்வளவு குறையும் என்றும் எழுதிவிடுங்கள். குறையைப் படத்திலேயே காட்டுங்கள். ஜெயித்த பிறகு பட்டியலை நிதானமாகப் படித்து, அப்போதுதான் கீறலைக் கவனிக்கிறவர் பணம் கட்டத் தயங்குவார். பணம் கட்ட எத்தனை நாள் என்று தெளிவாக ஒரு வரி.

அப்புறம் தளம் தரும் வடிகட்டிகள். பணம் கட்டாத பதிவு இத்தனைக்கு மேல் இருப்பவர்கள், நீங்கள் அனுப்பாத நாட்டில் இருப்பவர்கள் ஆகியோர் கேட்க முடியாதபடி வைக்கலாம். ஒருமுறை ஏமாற்றியவரைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். திரும்ப வருவார்கள், நம்புங்கள்.

விலை உங்களுக்கு ஓரளவு தெரிந்த பொருள் என்றால் ஏலமே வேண்டாமே. உடனே வாங்கும் விலை போட்டு, ‘உடனடிப் பணம்’ என்ற நிபந்தனையையும் வைத்துவிட்டால் பணம் கட்டும் வரை அந்தப் பொருள் யாருடையதும் ஆகாது. அண்மைக் காலமாக ஈபே சில ஏலங்களில் விலை கேட்கும்போதே கார்டு விவரத்தைக் கேட்டு, ஜெயித்தால் தானாகப் பணத்தை எடுத்துக்கொள்கிறது. அது முழுதாகப் பரவினால் இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகளுக்கு வேலை இருக்காது.

பின்னூட்டமே இல்லாத புதியவர் ஜெயித்திருக்கிறார். ரத்து செய்துவிடட்டுமா?

வேண்டாம். புதியவருக்கு முறை தெரியாது, அவ்வளவுதான். அவருக்கு மட்டும் நினைவூட்டலை ஒரு நாள் முன்னதாகவே அனுப்பி, எந்தப் பொத்தானை அழுத்திப் பணம் கட்டுவது என்று ஒரு வரியில் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

நேரில் வந்து பணம் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன் என்றவர் வரவே இல்லை.

நேரில் எடுப்பதற்கும் நாளும் நேரமும் குறித்து, அதையும் தளத்தின் மெசேஜிலேயே உறுதி செய்யுங்கள். ஒருமுறை வராவிட்டால், அடுத்த சந்திப்புக்கு முன்பே தளத்தின் வழியாகப் பணம் கட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். மறுத்தால் சாதாரணத் தாமதத்துக்குச் செய்வதையே இங்கேயும் செய்யுங்கள்.

ஏலம் முடிந்ததும் பார்சலைக் கட்டி வைத்துவிடலாமா?

கட்டி வைக்கலாம், பணம் வந்த அன்றே அனுப்ப வசதி. முகவரியை மட்டும் ஒட்டாதீர்கள்.